படியேறும் கால்களுக்கு முட்டி உறையும் டேப்பும்

பத்துமலையில் 272 படிகள். பினாங்கு தண்ணீர்மலையில் 500க்கும் மேற்பட்ட படிகள். இப்படிகளை ஏறும் அன்பர்கள் பலர் முட்டி உறை அணிந்தோ, கணுக்காலில் டேப் ஒட்டிக்கொண்டோ வருவதைக் காண்கிறோம். பிசியோதெரபி பணியில் இருப்பவன் என்ற முறையில், இவற்றின் பயனையும் எல்லையையும் எடுத்துக்கூற விழைகிறேன்.

இவை செய்வது என்ன?

படியேறும்போது முட்டி தாங்கும் பாரம் நம் உடல் எடையைப் போல் சுமார் 3 மடங்கு. இறங்கும்போது அது இன்னும் சற்றுக் கூடும். துணி உறை இந்தப் பாரத்தைச் சுமப்பதில்லை. அது தோலை இதமாக அழுத்தி, மூட்டு இருக்கும் நிலையை மூளைக்கு உணர்த்துகிறது. அதனால் கால் தடுமாறுவது குறையும். வலியும் சற்றுத் தணியும்.

டேப் இருவகைப்படும். இழுபடாத வெள்ளை டேப், முன்பு சுளுக்கிய கணுக்கால் மீண்டும் புரளாமல் காக்க உதவும். ஆயினும் அரை மணி நேர நடைக்குள்ளாகவே அதன் பிடி தளரத் தொடங்கிவிடும். பல வண்ணங்களில் விற்கும் இழுபடும் டேப், 1970களில் ஜப்பானியரான கென்சோ காசே உருவாக்கியது. அது வலியைச் சற்றுத் தணிக்கலாம். மூட்டை இறுக்கிப் பிடிக்காது.

கவனிக்க வேண்டியவை

1. எண்ணெய், விபூதி, மஞ்சள் பூசிய தோலில் டேப் ஒட்டாது. கழுவித் துடைத்த பின் ஒட்டுங்கள்.

2. கட்டிய பின் கால் விரல் நகத்தை அழுத்தி விடுங்கள். இரண்டு விநாடிக்குள் நிறம் திரும்பாவிட்டாலோ, விரல் மரத்தாலோ உடனே தளர்த்துங்கள்.

3. நாம் வெறுங்காலுடன் ஏறுகிறோம். பாதத்தின் அடியைச் சுற்றிய உறையும் டேப்பும், பாலும் நீரும் சிந்திய படியில் வழுக்கும். கணுக்கால் கட்டு தேவைப்படுவோர் கைப்பிடியை விடாமல் ஏறுங்கள்.

4. நீரிழிவால் பாத உணர்ச்சி குறைந்தவர்கள் தாங்களாகவே டேப் ஒட்ட வேண்டாம். அடியில் தோல் புண்ணானாலும் தெரியாது.

5. ஏறும்போது நல்ல காலை முதலில் வையுங்கள். இறங்கும்போது வலிக்கும் காலை முதலில் வையுங்கள்.

உண்மையான துணை

முட்டியைக் காக்கும் சிறந்த உறை நம் தொடைத் தசையே. விரதம் தொடங்கும் முன்பே, நாள்தோறும் நாற்காலியில் மெல்ல அமர்ந்து எழும் பயிற்சியைப் பத்துப் பத்து முறையாகச் செய்யுங்கள். ஆறு வாரங்களுக்குக் குறையாமல் செய்தால் பலன் தெரியும்.

மூட்டு வீங்கியிருந்தாலோ, பூட்டிக்கொண்டாலோ, நான்கு அடி ஊன்றி நடக்க இயலாவிட்டாலோ எந்த உறையும் காப்பாற்றாது. மருத்துவரைப் பாருங்கள். நெரிசலான படியில் ஒருவர் கால் மடங்கினால், பின்னால் காவடியோடு வருபவரும் கைக்குழந்தையோடு வரும் தாயும் சேர்ந்தே விழுவார்கள். அடிவாரத்திலும் சன்னதிகள் உண்டு. அங்கு நின்று கும்பிட்டு, கால் தேறிய பின் மலையேறி வேண்டுதலை நிறைவேற்றலாம். நம் நேர்த்திக்கடனை ஏற்பவன், நாம் நலமாக வீடு திரும்புவதையும் விரும்புகிறவன் அல்லவா?

அன்பர்கள் அனைவரும் நோயற்ற கால்களுடன் அவன் சன்னதி அடைய வேண்டுகிறேன்.