அறுந்த இணைப்பும் அழியாத படிவமும்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. கணினி அறிவியல்)

அறிவியல் நாளும் வளர்கின்றது. அவ்வளர்ச்சி நகரத்து மாளிகைக்கு மட்டும் உரியதா, சிற்றூர்க் குடிசைக்கும் உரியதா என்பதே நம்மைப் போன்றோர் கேட்க வேண்டிய கேள்வியாகும். கோவையில் நடைபெற்ற வலைதள உருவாக்குநர் மாநாடு ஒன்றில் கலந்துகொள்ளும் வாய்ப்பு, துறைப் பேராசிரியரின் முயற்சியால் எங்கள் வகுப்பினர் நால்வருக்குக் கிட்டியது. அங்கு நான் கற்றவற்றுள் ஒன்றை மட்டும் இங்கு விளக்க விரும்புகிறேன்.

கேள்வி பிறந்த இடம்

சென்ற ஆண்டு என் தம்பிக்குக் கல்வி உதவித்தொகை கோரி இணையவழியில் விண்ணப்பிக்க வேண்டியிருந்தது. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்தவள் நான் ஒருத்தியே. ஆகவே அப்பணி என்னுடையதாயிற்று. வருமானச் சான்றிதழ் கைக்கு வந்தது கடைசி நாளன்றுதான். எங்கள் ஊரில் ஏரிக்கரைமீது நின்றால்தான் கைப்பேசிக்கு ஓரளவு டவர் கிடைக்கும். அன்றிரவு அம்மா டார்ச் விளக்கைப் பிடிக்க, முக்கால் மணி நேரம் கட்டங்களை நிரப்பினேன். 'சமர்ப்பி' என்ற பொத்தானைத் தொட்ட கணத்தில் இணைப்பு அறுந்தது. திரும்ப வந்தபோது கட்டங்கள் யாவும் வெறுமையாய் இருந்தன. மறுபடியும் நிரப்பி முடிப்பதற்குள் நள்ளிரவு கடந்துவிட்டது. அவ்வாண்டுத் தொகை தம்பிக்குக் கிடைக்கவில்லை.

"அவ்வளவு நேரம் எழுதினியே, அதெல்லாம் எங்கடி போச்சு?" என்று அம்மா கேட்டார். கணினி அறிவியல் படிக்கும் எனக்கு விடை தெரியவில்லை.

மாநாட்டில்

உரைகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருந்தன. புரியாதவற்றைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன். சி, ரஸ்ட் போன்ற மொழிகளில் எழுதிய நிரல்களையும் உலாவிக்குள் விரைவாக இயக்கவல்ல வெப்அசெம்பிளி, 2019 டிசம்பரில் வலைக்கான தரங்களுள் ஒன்றாக ஏற்கப்பட்டதை அங்குதான் அறிந்தேன். ஆயினும் என் உள்ளத்தைப் பற்றிக்கொண்டது, இணைப்பின்றியும் இயங்கும் வலைப்பக்கங்கள் பற்றிய உரையே.

கேள்வி நேரத்தில் எழுந்து நின்றேன். ஆங்கிலம் நாவில் தடுமாறியது. "தமிழிலேயே கேளுங்கம்மா" என்றார் உரையாளர். அம்மாவின் கேள்வியையே கேட்டேன். சிலர் சிரித்தனர், அவர் சிரிக்கவில்லை. "நீங்கள் எழுதியது உங்கள் கைப்பேசியின் தற்காலிக நினைவகத்தில்தான் இருந்தது. பக்கம் மறைந்ததும் அதுவும் அழிந்துவிட்டது. அதைப் பத்திரப்படுத்தும்படி நிரலில் யாரும் எழுதி வைக்கவில்லை" என்றார்.

இதன் காரணம் வலையின் பிறப்பிலேயே இருக்கிறது. 1989இல் ஜெனீவாவை அடுத்த செர்ன் ஆய்வுக்கூடத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ உலகளாவிய வலையை முன்மொழிந்தார். 1993 ஏப்ரல் 30 அன்று, அத்தொழில்நுட்பத்தை எவரும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம் எனச் செர்ன் அறிவித்தது. தொடக்கத்தில் வலைப்பக்கம் என்பது பெரும்பாலும் படிப்பதற்கான ஏடு. ஏடு மறைந்தால் மீண்டும் வரவழைத்துக் கொள்ளலாம், இழப்பில்லை. நாம் அதில் எழுதத் தொடங்கிய பின்னரே இழப்பும் தொடங்கியது.

வாயிலில் நிற்கும் நூலகர்

இதற்குத் தீர்வாக வந்ததே சர்வீஸ் ஒர்க்கர் என்னும் சிறு நிரல். நம் ஊர்க் கிளை நூலகரை எண்ணிப் பாருங்கள். கேட்ட நூல் அலமாரியில் இருந்தால் உடனே எடுத்துத் தருவார். இல்லையேல் மாவட்ட மைய நூலகத்திலிருந்து தருவிப்பார். அதுபோல, இந்நிரல் உலாவிக்கும் வழங்கிக்கும் இடையே நிற்கிறது. இணைப்பு உள்ள வேளையில் பக்கத்தை ஒருமுறை திறந்தால், அதன் படியைக் கைப்பேசியிலேயே சேமித்து வைக்கிறது. பின்னர் இணைப்பு அறுந்தாலும் அந்தப் படியைக் காட்டுகிறது.

நாம் எழுதும் விவரங்களுக்கு இண்டெக்ஸ்டு டிபி என்னும் சேமிப்பகம் உலாவிக்குள்ளேயே இருக்கிறது. ஒவ்வொரு கட்டத்தை நிரப்பியதும் அதில் பதிந்துகொள்ளுமாறு நிரல் எழுதலாம். இணைப்பு மீண்டதும் அவ்விவரங்களைத் தானே அனுப்பும் வசதி சில உலாவிகளில் உண்டு. மற்றவற்றில் பக்கத்தை மறுபடி திறக்கும்போது அனுப்புமாறு அமைக்க வேண்டும்.

இங்கு மூன்று செய்திகளை மறத்தலாகாது. முதலாவது, பாதுகாப்பான ஹெச்டிடிபிஎஸ் இணைப்பில் வரும் தளங்களில்தான் சர்வீஸ் ஒர்க்கர் இயங்கும். சோதனைக்காக நம் கணினியிலேயே இயக்கும் தளத்திற்கு மட்டும் விலக்கு உண்டு. இரண்டாவது, விண்ணப்பம் போய்ச் சேர்ந்து, ஒப்புகை மட்டும் வராமல் போகலாம். அப்போது மீண்டும் அனுப்பினால் ஒருவர் பெயரில் இரு விண்ணப்பங்கள் பதிவாகிவிடும். ஒவ்வொரு விண்ணப்பத்திற்கும் முன்னரே தனி எண் கொடுத்துவிட்டால், அதே எண் மறுமுறை வரும்போது வழங்கி அதை ஒதுக்கிவிடும். மூன்றாவது, பிரவுசிங் சென்டர் கணினியில் நிரப்பினால் நம் விவரம் அங்கேயே தங்கிவிடும். அனுப்பி முடித்ததும் அதை அழிக்கும் வழியும் நிரலில் இருத்தல் வேண்டும்.

செய்து பார்த்தோம்

ஊர் திரும்பியபின் கல்லூரிக் கணினி ஆய்வகத்தில் நாங்கள் நால்வரும் மாதிரிப் படிவம் ஒன்றை உருவாக்கினோம். முதல் இரண்டு முயற்சிகள் தோற்றன. மூன்றாம் முறை, பாதி நிரப்பியபின் வலையமைப்புக் கம்பியைப் பிடுங்கிவிட்டுப் பக்கத்தை மீண்டும் திறந்தோம். எழுதியது எழுதியபடியே இருந்தது! கம்பியைச் செருகியதும் விவரங்கள் எங்கள் சோதனை வழங்கிக்குப் போய்ச் சேர்ந்தன.

அன்று தம்பி இழந்த தொகையை இது மீட்டுத் தராது. அந்த விண்ணப்பப் பக்கமும் எங்கள் சோதனையால் மாறிவிடப் போவதில்லை. ஆனால் நாளை இத்தகைய பக்கங்களை எழுதப் போகிறவர்கள் யார்? இன்று இவ்வாய்வகத்தில் அமர்ந்திருக்கும் நாம்தாம். மாநாட்டு மேடையில் பேசியவர்கள் எவரும் எங்கள் ஏரிக்கரையைக் கண்டதில்லை, நாம் கண்டிருக்கிறோம். அந்த அறிவும் ஒரு தகுதியே.

விடுமுறையில் ஊருக்குச் சென்றபோது, அன்று எழுதியது எங்கே போயிற்று என்பதை அம்மாவுக்கு விளக்கினேன். பொறுமையாகக் கேட்டவர், "அப்போ இனிமே போகாம பாத்துக்கோ" என்றார். நண்பர்களே, நம் எல்லோருக்கும் இடப்பட்ட பணி அதுவே எனக் கருதுகிறேன். கற்போம், கற்றதை நம் ஊருக்குப் பயன்படச் செய்வோம்.