வெயிலின் பழைய கணக்கு

அலிபிரி, திருமலையின் அடிவாரம். இங்கிருந்து 3,500-க்கும் அதிகமான படிகள் ஏறினால் திருமலை. கீழே வெயில் சுடும். மேலே போகப் போகக் காற்று குளிரும்.

“எங்கள் தாத்தா காலத்தில் இவ்வளவு வெயில் இல்லை” என்று பெரியவர்கள் சொல்வார்கள். அது உண்மையா? எப்படித் தெரிந்துகொள்வது?

சென்னை வானாய்வு நிலையத்தில் 1796-இல் வானிலையை அளந்து எழுதத் தொடங்கினார்கள். அதற்கு முன் அளந்த கணக்கு நம் பகுதியில் மிகக் குறைவு. ஆனால் மரமும் மண்ணும் கணக்கு வைத்திருக்கின்றன.

தேக்கு மரத்தை அறுத்துப் பாருங்கள். வளையங்கள் தெரியும். ஆண்டுக்கு ஒரு வளையம். நல்ல மழை பெய்த ஆண்டில் வளையம் அகலமாக இருக்கும். வறண்ட ஆண்டில் குறுகி இருக்கும். இமயமலை போன்ற குளிர்ந்த இடங்களில் மர வளையம் வெப்பத்தையும் காட்டும்.

நீலகிரி மலையில் சதுப்பு நிலங்கள் உண்டு. அங்கே செத்த புல் முழுதும் மக்குவதில்லை. அடுக்கடுக்காகப் படிகிறது. அடியில் இருப்பது பழையது. இந்திய விஞ்ஞானிகள் அந்த மண்ணை ஆராய்ந்து 1993-இல் முடிவை வெளியிட்டார்கள். ஈரத்தில் வளரும் செடி எப்போது இருந்தது, வறட்சியைத் தாங்கும் புல் எப்போது இருந்தது என்று மண் காட்டியது. சுமார் 18,000 ஆண்டுகளுக்கு முன் நீலகிரி வறண்டு கிடந்தது. பிறகு பருவமழை வலுத்தது.

துருவப் பனி, கடலடி மண் ஆகியவற்றையும் சேர்த்து ஆராய்ந்தார்கள். பல சாட்சிகள் ஒத்துப்போனால்தான் முடிவு. அந்தப் பழைய காலத்தில் பூமி சுமார் 5 டிகிரி குளிர்ந்திருந்தது. அந்த 5 டிகிரி ஏற ஏறக்குறைய 10,000 ஆண்டுகள் ஆயின.

இப்போதோ நிலக்கரியும் எண்ணெயும் எரித்த புகையால், 150 ஆண்டுகளுக்குள்ளேயே 1 டிகிரிக்கு மேல் ஏறிவிட்டது. பெரியவர்கள் சொன்னது வெறும் பேச்சு இல்லை. ஏறும் வேகம்தான் ஆபத்து. பயிரும் கிணறும் அதற்கு ஈடு கொடுக்க முடியாது.

ஜப்பானில் கியோத்தோ நகரில் செர்ரி மரம் பூத்த நாளை 1,200 ஆண்டுகளாக எழுதி வந்திருக்கிறார்கள். மரம் சீக்கிரம் பூத்தால் அந்த ஆண்டு வெப்பம் அதிகம். அந்தக் குறிப்புகள் இன்று விஞ்ஞானிகளுக்கு உதவுகின்றன.

நமக்கும் இப்போது எழுதத் தெரியும். சித்தூர்ப் பக்கம் மாமரத்துக்குக் குறைவில்லை. மா பூத்த நாளையும் முதல் மழை பெய்த நாளையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். பேரப்பிள்ளைகளுக்கு அது உதவும்.

கேள்விகள்
1. மர வளையம் ஏன் குறுகுகிறது?
2. 5 டிகிரி ஏற 10,000 ஆண்டுகள் என்றால், 1 டிகிரி ஏற எத்தனை ஆண்டுகள்?
3. உங்கள் ஊரில் இந்த ஆண்டு மா எப்போது பூத்தது?