சோளகக் காலத்தில் மலத்தோடு இரத்தம்: இலுப்பைக்கடவைக் கரையோரத்துக்கான பருவகால ஆலோசனை

மலத்தோடு இரத்தம் போவது தனியான ஒரு நோய் அல்ல. உணவுக்குழாய் முதல் குதம் வரை எங்கோ ஓரிடத்தில் புண்ணோ வீக்கமோ கிழிவோ இருப்பதன் அடையாளம் அது. வைகாசி தொடங்கிப் புரட்டாதி வரை சோளகம் வீசும் மாதங்களில் மன்னார்ப் பெருநிலக் கரையில் இதற்கு வழி எளிதாகத் திறந்துவிடுகிறது. மழை இல்லை; கிணறுகள் வற்றி நீர் உவர்க்கிறது; கடலுக்குப் போகிறவரும் வயலில் நிற்பவரும் வியர்வையில் இழந்த நீரை அன்றன்றே குடித்து ஈடுசெய்வதில்லை. ஒதுங்க இடமில்லை என்பதற்காகவே பகல் முழுவதும் தண்ணீரைத் தவிர்க்கும் பெண்கள் பலர். உடலில் நீர் குறைந்தால் பெருங்குடல் மலத்தில் எஞ்சிய நீரையும் உறிஞ்சிவிடும். மலம் இறுகும், முக்க வேண்டிவரும், இரத்தம் வரும். ஊரில் இதைச் ‘சூடு’ என்பார்கள். அந்தச் சொல்லில் பாதி உண்மை உண்டு. ஆனால் சூடு என்று பெயர் வைத்ததுமே காரணம் தேடுவது நின்றுவிடுகிறது, ஆபத்து அங்கேதான்.

இறுகிய மலத்தால் வரும் இரத்தம் பெரும்பாலும் இரண்டு வகை. மூலத்தில் வலி அதிகம் இராது. மலம் கழிந்த பின் பளிச்சென்ற சிவப்பு இரத்தம் சொட்டும், அல்லது மலத்தின் மேற்புறத்தில் ஒட்டியிருக்கும். குதவெடிப்பில் இரத்தம் கொஞ்சம்தான், வலியோ உயிர் போகும். மலம் கழித்து வெகுநேரம் வரை எரிவு அடங்காது. இரண்டுக்கும் முதல் மருந்து தண்ணீரும் நாரும். சிறுநீர் வெளிர்மஞ்சளாகப் போகும் அளவுக்குக் குடிக்க வேண்டும். கீரை, வாழைப்பழம், பப்பாசி, தவிடு நீக்காத அரிசி, நார் நிறைந்த ஒடியல் ஆகியவை இந்தக் கரையில் கிடைக்காத பண்டங்கள் அல்ல. நாரை மட்டும் கூட்டி நீரைக் கூட்டாவிட்டால் மலம் இன்னும் இறுகும். இளஞ்சூட்டு நீரில் 10 அல்லது 15 நிமிடம் அமர்ந்திருப்பது வெடிப்பின் வலியைத் தணிக்கும். மூலத்தைக் கட்டி விழுத்துவதாகச் சொல்பவர்களிடம் போவதும், என்னவென்று தெரியாத களிம்பைப் பூசுவதும் வேண்டாம்.

வயிற்றோட்டத்தோடு சளியும் இரத்தமும் கலந்து, வயிறு முறுக்கி, காய்ச்சலும் காய்ந்தால் அது மூலம் அல்ல, வயிற்றுக்கடுப்பு. இதை உண்டாக்கும் சிகெல்லா கிருமி 10 முதல் 100 வரை உள்ளே போனாலே நோய் தொற்றும். கிணற்றில் நீர் குறைந்து பல வீட்டார் ஒரே இடத்தில் அள்ளும் காலத்தில் இது குடும்பம் குடும்பமாகப் பரவக்கூடும். குடிநீரைக் கொதிக்க வைத்து ஆற்றிக் குடிக்க வேண்டும். மலசலகூடம் போய்வந்ததும், சமைக்கும் முன்னும் சவர்க்காரம் போட்டுக் கை கழுவ வேண்டும். ஜீவனி என்ற வாய்வழி நீரேற்றத் தூளைப் பையில் எழுதியுள்ள அளவு நீரில் கரைத்துக் கொடுத்து, 24 மணி நேரத்துக்குள் முடியாததை ஊற்றிவிட வேண்டும். வயிற்றோட்டத்தை நிறுத்தும் குளிசையைப் பாமசியில் தாமாக வாங்கிப் போடக்கூடாது, கிருமி உள்ளேயே தங்கிவிடும். வயிற்றுக்கடுப்பு இலங்கையில் அறிவிக்கப்பட வேண்டிய நோய். வைத்தியரிடம் காட்டினால்தான் பொதுச் சுகாதார பரிசோதகருக்குச் செய்தி போகும், கிணறும் கவனிக்கப்படும்.

சிவப்பைக் கண்டு பதறுகிறவர்கள் கறுப்பைக் கண்டு பேசாமல் இருந்துவிடுகிறார்கள். தார் போலக் கறுத்து, ஒட்டும் தன்மையோடு, கடும் நாற்றத்துடன் மலம் போனால் இரத்தம் பெரும்பாலும் இரைப்பையிலோ சிறுகுடலின் தொடக்கத்திலோ கசிகிறது என்று பொருள். கைகால் நோவுக்கு நாள்தோறும் டைக்ளோபெனக் போன்ற குளிசை போடுபவர்கள், இதயநோய்க்கு அஸ்பிரின் அல்லது வார்பரின் எடுப்பவர்கள், நீண்டகாலமாக மது அருந்துபவர்கள் இதில் முன்னிற்கிறார்கள். இதய மருந்தைத் தாமாக நிறுத்தாமல் அன்றே வைத்தியரைக் காண வேண்டும். இரும்புச்சத்துக் குளிசையும் மலத்தைக் கறுப்பாக்கும், பீற்றூட் சிவப்பாக்கும். அவை இரத்தம் அல்ல. கர்ப்பிணித் தாய்மார் நிறத்துக்குப் பயந்து இரும்புச்சத்துக் குளிசையைக் கைவிடக்கூடாது.

பெருங்குடல் புற்றுநோய் தொடக்கத்தில் பெரும்பாலும் வலிப்பதில்லை. முன்பு ஒழுங்காகப் போன மலம் வாரக்கணக்கில் மாறிப் போவது, போய்வந்த பின்னும் மிச்சம் இருப்பது போன்ற உணர்வு, காரணமின்றி மெலிதல், சோகை ஆகியவற்றோடு இரத்தமும் போனால், பழைய மூலம்தான் என்று இருந்துவிடக்கூடாது. மூலம் உள்ளவருக்கும் புற்றுநோய் வரும். 45 வயதைக் கடந்தவர்களும், குடும்பத்தில் இந்நோய் வந்தவர்களும் முதல் தடவை இரத்தம் கண்டவுடனேயே காட்ட வேண்டும். மற்றவர்களுக்கும் இரண்டு வாரத்துக்கு மேல் காத்திருப்பு ஆகாது. இளவயதில் வாரக்கணக்காக இரத்த வயிற்றோட்டம் நீடித்தால் குடல் அழற்சி நோயையும் பார்க்க வேண்டியிருக்கும்.

வைத்தியர் கையுறையிட்ட விரலால் குதத்தைப் பரிசோதிப்பார். ஓரிரு நிமிட வேலை. வெட்கத்தால் மாதக்கணக்கில் மறைப்பவர்கள் ஆண்களிலும் உண்டு. பெண் வைத்தியர் வேண்டுமென்று கேட்கலாம், அதில் தவறில்லை. தேவைப்பட்டால் இரத்தப் பரிசோதனையும், பெருங்குடலுக்குள் கமரா விட்டுப் பார்க்கும் கொலனொஸ்கோப்பியும் தொடரும். அரச வைத்தியசாலைகளில் சிகிச்சைக்குக் கட்டணம் இல்லை.

இரத்தம் நில்லாமல் போனாலும், கட்டியாக விழுந்தாலும், தலைசுற்று, மயக்கம், குளிர்ந்த வியர்வை, கடும் வயிற்றுவலி இருந்தாலும், இரத்த வாந்தி எடுத்தாலும் நாளைக்கென்று தள்ளக்கூடாது. விட்டு விட்டு வீறிட்டு அழுது, வாந்தி எடுத்து, சிவந்த கூழ் போல மலம் கழிக்கும் கைக்குழந்தைக்குக் குடல் ஒன்றுக்குள் ஒன்று செருகியிருக்கலாம், சில மணி நேரத் தாமதமும் ஆபத்தே. காய்ச்சலுக்குப் பின் கறுத்த மலம் போனால் டெங்கு இரத்தக்கசிவாகவும் இருக்கலாம். இத்தகையவரை மோட்டார் சைக்கிளின் பின்னால் இருத்தி ஏ-32 வீதியில் மன்னாருக்குக் கொண்டு ஓட வேண்டாம். இலவச அம்புலன்ஸுக்கு 1990 என்ற இலக்கத்தை அழைத்து, நோயாளியைக் கிடத்தி வைத்து, கிளினிக் கொப்பியையும் அவர் போடும் குளிசைகள் எல்லாவற்றையும் ஒரு பையில் எடுத்து வைக்கவும்.