கை வைத்ததும் சுட வேண்டுமா?

போன கார்த்திகையில் எங்கள் தெருவில் வாடகைக்கு இருக்கும் கல்லூரிப் பையன்கள் நான்கு பேர் புது கீசரோடு வந்து நின்றார்கள். மாட்டித் தர ஆள் வேண்டுமாம். பெட்டியைப் புரட்டிப் பார்த்தேன். 3 லிட்டர் இன்ஸ்டன்ட், 3 கிலோவாட்.

“ஏன் தம்பி இதை வாங்கினீங்க?”

“எல்லா ரூம்லயும் இதுதான் சார் இருக்கு.”

பென்னாகரத்திலிருந்து ஒருவனுடைய அப்பாவும் வந்திருந்தார். “கை வெச்சதும் சுடணும் சார். காலேஜுக்கு நேரமாகுதுல்ல” என்றார். காசு கொடுத்தவர் அவர். அதற்குமேல் நான் என்ன பேச?

முப்பது வருடம் வயர்மேன் பாடம் நடத்தியவன் நான். பையன்கள் படிப்பைத் தேர்ந்தெடுப்பதையும் பார்த்திருக்கிறேன், கீசரைத் தேர்ந்தெடுப்பதையும் பார்க்கிறேன். இரண்டுக்கும் ஒரே வழிதான்: பக்கத்து ரூமில் என்ன இருக்கிறது, அப்பா என்ன சொல்கிறார். நம் வீட்டுத் தண்ணீர் எப்படி, வயரிங் எப்படி, குளிக்கப்போவது யார் என்ற கேள்விகள் வருவதே இல்லை.

வெந்நீருக்கு என்னென்ன வழி உண்டு என்பது ஊருக்கே தெரியும், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வாளியில் போடும் ராடு மலிவு. ஆனால் ஸ்விட்சை அணைத்து, பிளக்கையும் பிடுங்காமல் தண்ணீரில் விரல் வைக்கக் கூடாது. தூக்கக் கலக்கத்தில் எழும் பையன்களுக்கு அது ஆகாது. மாடியில் வெயில் விழும் சொந்த வீடென்றால் சோலார் நல்லது. ஆனால் அதில் சூட்டைக் குறைக்கும் குமிழ் கிடையாது. வெயில் காய்ந்த நாளில் 70 டிகிரியைத் தாண்டும், விளாவாமல் மேலே ஊற்றக் கூடாது. கேஸ் கீசரைக் குளியலறைக்குள் மாட்டவே கூடாது. கதவைச் சாத்திக்கொண்டு குளித்தால் கார்பன் மோனாக்சைடு மணமும் நிறமும் இல்லாமல் ஆளைச் சாய்த்துவிடும். மீதி இரண்டு: தண்ணீரைத் தேக்கிச் சூடாக்கும் ஸ்டோரேஜ் கீசர், ஓடும்போதே சூடாக்கும் இன்ஸ்டன்ட்.

இந்த இன்ஸ்டன்ட் மோகத்தைப் பற்றித்தான் விரிவாகச் சொல்ல வேண்டும். முதலில் நேரக் கணக்கைப் பார்ப்போம். 20 லிட்டர் வாளித் தண்ணீரை 25 டிகிரியிலிருந்து குளிக்கிற பதமான 40 டிகிரிக்கு ஏற்ற, 3 கிலோவாட்டுக்கு ஏழு நிமிடம் வேண்டும். எந்தக் கம்பெனி செய்தாலும் இந்தக் கணக்கு மாறாது. 15 லிட்டர், 2 கிலோவாட் ஸ்டோரேஜ் கீசர் 50 டிகிரிக்கு வரப் பதின்மூன்று நிமிடம். அதில் 10 லிட்டர் பச்சைத் தண்ணீர் விளாவினால் 25 லிட்டர் கிடைக்கும். ஆக, மிச்சமாவது ஐந்தாறு நிமிடம். பல் துலக்கும் நேரம்!

அந்த ஐந்தாறு நிமிடத்துக்காக விட்டுக்கொடுப்பது சூட்டின் மேலிருக்கும் பிடியை. இந்தச் சின்னப் பெட்டிகள் பலவற்றில் நாம் திருப்பக் குமிழே இருக்காது. சூட்டைத் தீர்மானிப்பது தண்ணீர் வரும் வேகம். நிமிடத்துக்கு 3 லிட்டர் வந்தால் 14 டிகிரிதான் ஏறும். யாரோ சமையலறைக் குழாயைத் திறந்து, வரத்து 1 லிட்டராகக் குறைந்தால் 43 டிகிரி ஏறும். 25-இல் வந்த தண்ணீர் 68 ஆகிவிடும். சூடு மிஞ்சினால் தானே அணைக்கும் கட்-அவுட் உள்ளே உண்டு, உண்மைதான். அது விழுவதற்குள் தோளில் விழுவது விழுந்துவிடும். அந்த நால்வரில் ஒருவனுக்கு மார்கழியில் தோள்பட்டையில் கொப்புளம். போட்டால் இழுக்கும் மின்சாரம் வேறு 13 ஆம்பியர். பழைய வாடகை வீட்டின் 6 ஆம்பியர் பிளக்கில் அதைச் செருகினால் முதலில் சூடாவது வயர்தான்.

அடுத்தது நம் ஊர்த் தண்ணீர். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-இல் பயன்பாட்டுக்கு வந்தது. குடிக்க ஆற்றுத் தண்ணீர் வந்தது. எங்கள் தெருவில் குளிக்க இன்னும் போர் தண்ணிதான். போன வாரம் அந்தப் பையன்கள் மறுபடி கூப்பிட்டார்கள், சுடவே இல்லையாம். கழற்றினேன். காயில் இருந்த இடத்தில் கட்டைவிரல் பருமனுக்கு வெள்ளைப் பத்தை. திருப்புளியால் தட்டினால் ஓட்டுச்சில்லு மாதிரி உதிர்ந்தது, உள்ளே கம்பி வெடித்திருந்தது. ஒரு கை நிறைய உப்புச் சில்லுகளை அள்ளி ஒருவன் உள்ளங்கையில் வைத்தேன். “இவ்வளவும் தண்ணியிலயா சார் இருந்துச்சு?” என்றான். இருந்தது. சூடு 60 டிகிரியைத் தாண்டத் தாண்ட இது வேகமாகப் படியும்.

இதே போர் தண்ணியைக் கீசரில் பிடித்துச் சமைப்பவர்களும் இருக்கிறார்கள். இதில் இருக்கும் ஃப்ளோரைடு காய்ச்சினால் போகாது. தண்ணீர் வற்ற வற்றச் செறிவுதான் கூடும். கீசர் தண்ணீர் குளிக்க மட்டும்.

சரி, ஸ்டோரேஜ் கீசர் வாங்கியாயிற்று. குமிழை எங்கே வைப்பது? முழுக்கத் திருப்பினால் பல கீசர்களில் 75 டிகிரி வரை போகும். 60 டிகிரித் தண்ணீர் ஐந்து விநாடியில் பெரியவர் தோலையே ஆழமாகப் பொசுக்கும், 70 என்றால் ஒரு விநாடி. 49-க்குச் சில நிமிடங்கள் வேண்டும். கையை இழுத்துக்கொள்ள அவகாசம் இருக்கிறது. ஆகவே 50-க்குப் பக்கத்தில் வையுங்கள். குமிழில் டிகிரி போட்டிருக்காது, 1, 2, 3 என்றோ கோடுகளாகவோ இருக்கும். நடுவில் வைத்து, விளக்கு அணைந்ததும் ஒரு சொம்பு பிடித்துத் தெர்மாமீட்டரை விடுங்கள். காய்ச்சல் பார்ப்பது உதவாது, சமையலுக்கு விற்கும் டிஜிட்டல் ஊசி போதும். கூடினால் கொஞ்சம் குறைத்து மறுநாள் மறுபடி பாருங்கள்.

வெதுவெதுப்பு போதுமென்று 40-இலேயே நிறுத்தவும் வேண்டாம். 1976-இல் ஃபிலடெல்ஃபியாவில் நடந்த மாநாட்டுக்கு வந்தவர்களைத் தாக்கிய பின் கண்டறியப்பட்ட லெஜியோனெல்லா என்ற நுரையீரல் கிருமி 20-இலிருந்து 45 டிகிரி வரையுள்ள தேங்கிய நீரில்தான் பெருகுகிறது. ஊருக்குப் போய் ஒரு வாரம் பூட்டிய வீடென்றால், கீசரை முழுச் சூட்டுக்கு ஏற்றி அரை மணி விட்டு, தண்ணீரை மெதுவாகத் திறந்துவிட்டு, குமிழைப் பழைய இடத்துக்குக் கொண்டுவாருங்கள். சேஃப்டி வால்விலிருந்து சொட்டுகிறதென்று அதை அடைத்துவிடாதீர்கள். அது அடைபட்டால் கீசர் குண்டு.

வீட்டில் சர்க்கரைக்காரர் இருந்தால் இன்னும் கவனம். பாதத்தில் உணர்ச்சி குறைந்தவருக்குச் சூடு தெரியாது. கொப்புளத்தைக் கண்ணால் பார்த்த பிறகுதான் தெரியும். குழந்தைக்கு ஊற்றுமுன் முழங்கையால் தொட்டுப் பார்க்க வேண்டும். சுட்டுவிட்டால் பேஸ்ட், மஞ்சள் எதுவும் வேண்டாம், இருபது நிமிடம் குழாய்த் தண்ணீரில் காட்டிவிட்டு டாக்டரிடம் போங்கள்.

வாளி இருக்கும்போது ஷவர் எதற்கு என்பதுதான் எனக்கு இன்றுவரை புரியவில்லை. என் அம்மா விறகடுப்பில் செம்புத் தவலை வைத்து ஆறு பேருக்கு வெந்நீர் போட்டவள். வாளியில் முதலில் பச்சைத் தண்ணீர், அப்புறம்தான் வெந்நீர், கையை விட்டுப் பார்த்தபின் முதல் சொம்பு. குமிழும் கட்-அவுட்டும் இல்லாத வீட்டில் ஒருவருக்கும் கொப்புளம் வந்ததில்லை.

அந்தப் பையன்களிடம் அதைத்தான் சொன்னேன். வேகமாகச் சூடேறுவதெல்லாம் நல்லதென்று எடுத்துக்கொள்ளாதே. வேலை கற்கவும் அப்படித்தான்; மூன்று மாத கோர்ஸில் எல்லாம் வந்துவிடும் என்று நோட்டீஸைப் பார்த்துப் போனவர்களை நான் நிறையப் பார்த்துவிட்டேன். உன் தண்ணி எது, உன் வயர் எவ்வளவு தாங்கும் என்று முதலில் பார். அதற்குப் பொருந்துவதை வாங்கு. பிறகு பதின்மூன்று நிமிடம் பொறு.

“பதின்மூணு நிமிஷம் என்ன சார் பண்றது?” என்றான் கொப்புளக்காரன்.

“முதல்ல எழுந்து ஸ்விட்சைப் போடு. அப்புறம் பாயைச் சுருட்டு” என்றேன்.