ராயகிரியிலிருந்து குற்றாலம்: சாரல் காலத்தில் அலையாமல் போய்வர

சீசன் நேரத்துச் சனி, ஞாயிறுகளில் குற்றாலச் சாலையில் வண்டி நகராது. குழந்தைகளோடும் பெரியவர்களோடும் கிளம்புகிறவர்கள் இவற்றைக் கவனியுங்கள்.

1. எந்த அருவியில் குளிக்க அனுமதி என்று அன்று காலையிலேயே விசாரியுங்கள். தண்ணீர் கூடினால் தடை போட்டுவிடுவார்கள். தடை என்றால் எட்டிக்கூடப் பார்க்காதீர்கள்; 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் ஒரு சிறுவனை அடித்துச் சென்றது.

2. சிவகிரிக்கோ வாசுதேவநல்லூருக்கோ வந்து தென்காசி, செங்கோட்டை பஸ் பிடியுங்கள். மதுரை - தென்காசி சாலை இந்த ஊர்கள் வழியாகத்தான் போகிறது.

3. சென்னையிலிருந்து வரும் சொந்தக்காரர்களைப் பொதிகை எக்ஸ்பிரஸில் ஏறித் தென்காசியில் இறங்கச் சொல்லுங்கள். குற்றாலத்தில் ரயில் நிலையம் கிடையாது. தென்காசியிலிருந்து சுமார் 5 கி.மீ.தான்.

4. தென்காசியில் இறங்கியதும் டவுன் பஸ்ஸில் ஏறுங்கள். செலவு மிகக் குறைவு.

5. ஐந்தருவி, பழைய குற்றாலம் இரண்டையும் பார்ப்பதானால் ஆட்டோ பேசுங்கள்; மெயினருவியிலிருந்து ஒன்று ஒரு பக்கம், மற்றது வேறு பக்கம். நீங்கள் குளித்து முடிக்கும்வரை காத்திருப்பதற்கும் சேர்த்து முதலிலேயே கூலியை முடிவு செய்யுங்கள். பாதி வழியில் பேரம் பேசினால் மனக்கசப்புதான்.

6. சொந்தக் காரா? விடியுமுன் கிளம்புங்கள். பொழுது ஏறினால் பார்க்கிங் கிடைப்பது கஷ்டம்.

7. ஊர் திரும்பும் கடைசி பஸ் நேரத்தைக் கண்டக்டரிடம் போகும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். மெயின் ரோட்டில் இறங்கிய பிறகும் ராயகிரிக்கு வண்டி வேண்டுமே.