முதியோர் நடை: காலுக்கும் கருத்துக்கும் சேர்ந்த பயிற்சி

நடப்பது கால்களின் வேலை என்றே நாம் எண்ணிப் பழகியிருக்கிறோம். வீட்டுப் பெரியவர் ஒருவர் தள்ளாடினால் முழங்காலில் வலு இல்லை என்று கூறி, தைலம் தடவுவதோடு நின்றுவிடுகிறோம். ஆனால் நடையில் மூளைக்கும் பெரும் பங்கு உண்டு என்பதையும், வயது ஏற ஏற அப்பங்கு மிகுகிறது என்பதையும் அங்கத்தினர்கள் அறிந்துகொள்வது அவசியமாகும்.

இதனைச் சங்கப் பத்திரிகையில் எழுதுவானேன் என்று சிலர் வினவலாம். தணிக்கைக்குச் செல்லும் இடங்களில் நகைக்கடன் எதற்காக என்று விசாரித்தால், பெரியவர் விழுந்து இடுப்பெலும்பு முறிந்துவிட்டது என்ற பதில் அடிக்கடி வருகிறது. வைத்தியச் செலவு ஒருபுறமிருக்க, அவரைக் கவனிப்பதற்காக மகளோ மருமகளோ தறியையும் தோட்டத்தையும் மாதக்கணக்கில் விட்டிருக்க நேரிடுகிறது. விழுந்தவரிலும் பலர் பழைய நடையைத் திரும்பப் பெறுவதில்லை.

இளமையில் நடை தானாகவே நிகழ்கிறது. கருத்தை அதன்மேல் வைக்க வேண்டியதில்லை. முதுமையில் கண் மங்குகிறது. உட்செவியிலுள்ள சமநிலை உறுப்புத் தளர்கிறது. உள்ளங்காலின் உணர்ச்சி குறைகிறது. நீரிழிவு உள்ளவர்களுக்கு இது இன்னும் அதிகம். இக்குறைகளை ஈடுசெய்ய, மூளையின் முன்பகுதி ஒவ்வோர் அடியையும் மேற்பார்வை செய்ய வேண்டியதாகிறது. அவ்வேளையில் யாரேனும் பேச்சுக் கொடுத்தாலோ, பின்னால் வண்டி ஒலி எழுப்பினாலோ, மேற்பார்வை சிதறிக் கால் தடுமாறுகிறது.

ஸ்வீடன் நாட்டு ஆராய்ச்சியாளர்கள் இதனை எளிய முறையில் காட்டினர். முதியோர் இல்லத்தில் வசித்த 58 பேருடன் நடந்து சென்று, வழியில் பேச்சுக் கொடுத்தனர். 12 பேர் பதில் சொல்வதற்காக நின்றுவிட்டனர். அடுத்த 6 மாதங்களில் அந்த 12 பேரில் 10 பேர் விழுந்தனர். 1997-இல் 'லான்செட்' என்னும் வைத்தியப் பத்திரிகையில் இது வெளிவந்தது. பேசுவதற்காக நிற்பது குற்றமன்று; நிற்பவர் தமக்குத் தெரியாமலே தம்மைக் காத்துக்கொள்கிறார். அதைக் கண்டு நகைக்கும் பிள்ளைகளுக்கு இந்த 58 பேர் கதையைச் சொல்லலாம்.

எனவே காலுக்கு மட்டும் பயிற்சி தந்தால் போதாது. உட்கார்ந்து குறுக்கெழுத்துப் போட்டி நிரப்புவதும் நடைக்கு அதிகம் உதவாது. இரண்டையும் ஒரே வேளையில் பயில வேண்டும். நெசவாளர்க்கு இதை விளக்கத் தேவையில்லை. குழித்தறியில் கால் மிதியை அழுத்துகிறது. கை நாடாவை ஓட்டுகிறது. கண் அறுந்த இழையைத் தேடுகிறது. வாயோ பக்கத்துத் தறிக்காரரோடு பேசிக்கொண்டிருக்கிறது. புதிதாகத் தறியில் இறங்கிய பையனுக்குக் கை ஓடினால் கால் நிற்கும். காலைத் தனியே, கையைத் தனியே பழக்கி எவரும் நெசவு கற்றதில்லை. நம் அவதானிகளின் கலையும் இத்தகையதே. சதாவதானி செய்குத்தம்பிப் பாவலர் 1907-இல் சென்னை விக்டோரியா மண்டபத்தில் நூறு செய்திகளில் ஒருங்கே கவனம் செலுத்திக் காட்டினார். கவனத்தைப் பகிர்வது பழக்கத்தால் வளரக்கூடியது என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

முதியோரிடத்தும் அது வளர்கிறது. ஜெனீவா நகரில் 65 வயதைக் கடந்த, விழும் அபாயமுள்ள 134 பேரைக் கொண்டு ஒரு சோதனை நடந்தது. வாரம் ஒரு மணி நேரம், பியானோ இசைக்கேற்ப நடை மாற்றி, திரும்பி, கையில் பொருள்களை ஏந்திப் பயின்றனர். ஆறு மாதங்களில் அவர்கள் நடை சீர்பட்டது. பயிலாதவர்களை நோக்க, விழுவதும் பாதிக்கு மேல் குறைந்தது. 2011-இல் வெளிவந்த முடிவு இது. எல்லாச் சோதனைகளும் இவ்வளவு நல்ல பலனைக் காட்டவில்லை; ஆயினும் வேறொரு வேலையுடன் நடக்கும் திறன் இப்பயிற்சியால் மேம்படுகிறது என்பதைப் பல சோதனைகள் காட்டியுள்ளன. பியானோ இல்லையே என்று கவலைப்பட வேண்டாம். கும்மியும் கோலாட்டமும் அதே வேலையைச் செய்யும்.

ஆவடி பருத்திப்பட்டு ஏரிக்கரையில் 2019-இல் பூங்கா திறக்கப்பட்டது முதல் முதியோர் நடைபாதையில் நடக்கின்றனர். அம்பத்தூரிலும் பூவிருந்தவல்லியிலும் மொட்டை மாடியில் எட்டு வடிவம் வரைந்து நடப்போர் உண்டு. எட்டு நடை திரும்பும் பழக்கத்தைத் தருவதால் நல்லதே. ஆனால் நாள்தோறும் அதே எட்டை நடந்தால் அதுவும் கருத்தின்றி நிகழும் வேலையாகிவிடும்.

முதலில் சில வாரங்கள் கால் வலுவைப் பெருக்குங்கள். கை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து அமர்தல், சுவரைத் தொட்டுக்கொண்டு குதிகால் உயர்த்துதல், ஓரடியின் முன் மற்றோரடி வைத்து நிற்றல் ஆகியவை போதும். 65 வயதைக் கடந்தோர் வாரத்தில் 3 நாட்களேனும் சமநிலைப் பயிற்சியும் வலுப்பயிற்சியும் செய்தல் வேண்டுமென உலக சுகாதார நிறுவனம் 2020-இல் கூறியுள்ளது. பின்னர் சமதரையில் நடந்தவாறே 100-லிருந்து மும்மூன்றாகக் கழித்துச் சொல்லுங்கள். கணக்கு வராதவர் சந்தையில் வாங்க வேண்டிய காய்களைச் சொல்லலாம். பாவு ஓட்டிய பழக்கமுள்ளவர் இழைக்கணக்குச் சொல்லலாம். அடுத்து, தண்ணீர்ச் செம்பை ஏந்தி நடந்து பார்க்கலாம். காலோ கணக்கோ தடுமாறினால் வேலையை எளிதாக்குங்கள். சிறிதும் தடுமாறவில்லையானால் கடினமாக்குங்கள். முயற்சி இல்லாத இடத்தில் பயிற்சி இல்லை.

இதனை வண்டிகள் ஓடும் பூவிருந்தவல்லி நெடுஞ்சாலையில் ஒருபோதும் செய்தல் கூடாது. சாலையைக் கடக்கையில் பேச்சை நிறுத்துவதே சரி. பயிற்சிக்குச் சங்கக் கூடமே தகுந்த இடம். பக்கத்தில் சுவரும் கைகொடுக்க ஒருவரும் இருக்க வேண்டும். தலைச்சுற்றல் உள்ளவர்களும், ஓராண்டுக்குள் விழுந்தவர்களும், இரத்தக் கொதிப்புக்கு மருந்து உண்போரும் வைத்தியரைக் கேட்ட பின்னரே தொடங்க வேண்டும். வீட்டை விட்டு வெளிவர இயலாதவர்களுக்கு, 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இயன்முறைச் சிகிச்சையும் உண்டு. அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிந்துகொள்ள, சங்கக் காரியதரிசிகள் உதவி செய்வார்களாக.