புது ஷூ, பழைய டிரம்

வாலாஜாபாத்,
புரட்டாசி மாதம்.

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

மாமா எழுதுகிறேன். 

உங்கள் வீட்டுப் பெரியவர் வைத்திருந்த ஸ்டாண்டர்டு ஹெரால்டை மறுபடியும் ரோட்டில் ஓட்டப்போகிறாய் என்று தெரிந்ததில் எனக்கு அவ்வளவு சந்தோஷம். எஞ்சின் ஸ்டார்ட் ஆகிவிட்டது, பிரேக் பெடல் மட்டும் தரை வரைக்கும் போகிறது, பாகம் எங்கே கிடைக்கும், நானே மாட்டிக்கொள்ளலாமா என்று கேட்டிருக்கிறாய். தாராளமாக நீயே மாட்டு. ஆனால் எங்கே கிடைக்கும் என்பதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். எது தேய்ந்திருக்கிறது, எது ஒழுகுகிறது, எது துருப்பிடித்து இறுகியிருக்கிறது என்று முதலில் கழற்றிப் பார்.

நீ ஒரகடத்தில் கார் கம்பெனி லைனில் நிற்கிறவன். அங்கே வருகிற பாகம் அளந்து வருகிறது, வைத்தால் உட்கார்ந்துவிடும். ஐம்பது வருஷத்துக்கு மேலான வண்டியில் அந்தக் கணக்கு செல்லாது. உங்கள் வீட்டில் தறி ஓடியதைப் பார்த்து வளர்ந்தவன் நீ. பாவு தீர்ந்தால் பழைய பாவின் ஒவ்வொரு இழையோடும் புதுப் பாவின் இழையைப் பிணைத்தால்தானே தறியில் மறுபடி உட்கார முடியும்? எவ்வளவு உசத்திப் பட்டானாலும் பிணைப்பு சரியில்லையென்றால் நெசவு ஓடாது. புது பிரேக் ஷூவைப் பழைய டிரம்மோடு சேர்த்துவைப்பதும் அப்படித்தான். கடையில் வாங்குவது பாதி வேலைகூட இல்லை.

உன் வண்டி நம் ஊர்ப்பக்கத்து வண்டி என்பதை மறக்காதே. 1959-ல் இங்கிலாந்தில் டிரையம்ஃப் ஹெரால்டு என்று வந்தது. வடிவம் போட்டவர் இத்தாலிக்காரர் மிக்கெலோட்டி. 1961-லிருந்து நம் சென்னையில் ஸ்டாண்டர்டு மோட்டார் ப்ராடக்ட்ஸ் கம்பெனி அதைத் தயாரித்தது. அதே பத்தாண்டில்தான் பிரேக் தொழிலும் இங்கே வேர்விட்டது. டி.வி.எஸ்.காரர்களும் இங்கிலாந்தின் லூகாஸும் சேர்ந்து 1962-ல் பிரேக்ஸ் இந்தியாவை ஆரம்பித்தார்கள். 1964-ல் ரானே பிரேக் லைனிங் வந்தது, 1974-ல் பாடியில் சுந்தரம் பிரேக் லைனிங்ஸ். லைனிங் என்றால் தேசம் முழுக்க சென்னையைப் பார்க்கிற நிலை அப்படி வந்தது. நீ லைனிங்குக்காகக் கப்பலை எதிர்பார்க்க வேண்டியதில்லை.

வேலைக்கு வருகிறேன். சமதரையில் நிறுத்து. முதலில் பின்சக்கர பிரேக். முன்சக்கரங்களுக்குக் கட்டை கொடு, பின்பக்கத்தை ஜாக்கியில் தூக்கியதும் அடியில் ஸ்டாண்டு வை. செங்கல் அடுக்குகிற பழக்கம் வேண்டவே வேண்டாம், பாரம் ஏறினால் சொல்லாமல் பிளக்கும். கை பிரேக்கை இறக்கிவிடு, அட்ஜஸ்டரைப் பின்னுக்குத் தளர்த்து. அதற்குப் பிறகு டிரம்மைப் பிடித்திருக்கிற இரண்டு ஸ்க்ரூவையும் கழற்று. வராவிட்டால் சுத்தியலால் விளிம்பில் ஓங்கி அடிக்காதே. டிரம் வார்ப்பிரும்பு, உடைந்தால் ஒட்டவைக்க வழியில்லை. துரு இளக்கும் எண்ணெய் விட்டு ஒரு ராத்திரி பொறுத்து, மரக்கட்டையை வைத்துச் சுற்றிலும் தட்டு.

டிரம்முக்குள் இருக்கிற கறுப்புத் தூளை வாயாலோ காற்றாலோ ஊதாதே. அந்தக் காலத்து லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் உண்டு, நுரையீரலுக்குப் போனால் திரும்பி வராது. முகக்கவசம் போட்டுக்கொண்டு ஈரத்துணியால் துடைத்து, துணியை மூடிக் கட்டி எறி. இந்த ஒரு விஷயத்தில் நீ என் பேச்சைக் கேட்டே ஆக வேண்டும்.

ஒரு பக்கத்தைப் பிரிக்கும்போது மறுபக்கத்தைத் தொடாதே. எந்த ஸ்ப்ரிங் எந்த ஓட்டையில் மாட்டியிருக்கிறது, எந்த ஷூ முன்னால் இருக்கிறது என்று சந்தேகம் வந்தால் பிரிக்காத பக்கம்தான் உனக்கு வாத்தியார். வலதும் இடதும் கண்ணாடியில் பார்த்த மாதிரி மாறியிருக்கும், அதையும் மனசில் வை. போனில் படமும் எடுத்துக்கொள்.

ஹெரால்டின் பின்சக்கரத்தில் பலபேர் கவனிக்காத ஒரு சங்கதி உண்டு. அங்கே வீல் சிலிண்டர் பின்தட்டில் இறுக்கி முடுக்கப்பட்டிருக்காது. நீளமான துவாரத்தில் நழுவுகிற மாதிரி வைத்திருப்பார்கள். பிஸ்டன் ஒன்றுதான். அது ஒரு ஷூவைத் தள்ளும்போது சிலிண்டரின் உடம்பே எதிர்ப்பக்கம் நகர்ந்து அடுத்த ஷூவைத் தள்ளும். ஆகவே அந்தத் துவாரத்தில் துரு ஏறினால் ஒரு ஷூ மட்டுமே வேலை செய்யும். புது ஷூ, புது ரப்பர் கிட், புது ஆயில் எல்லாம் போட்டும் பிரேக் வரவில்லை என்று தலையைப் பிடித்துக்கொள்கிறவர்கள் இதைத்தான் பார்த்திருக்க மாட்டார்கள். சிலிண்டரைக் கழற்றி, துவாரத்தின் விளிம்பைக் கம்பி பிரஷ்ஷால் பளபளவென்று தேய்த்து, சூடு தாங்குகிற பிரேக் கிரீஸை மெல்லிசாகத் தடவு. மாட்டியபின் விரலால் தள்ளினாலே நகர வேண்டும். கை பிரேக் லீவரும் அந்தச் சிலிண்டர் வழியாகத்தான் வேலை செய்கிறது. இதைச் சரிசெய்தால் அதுவும் சரியாகும்.

சிலிண்டருக்குள் விரல் விட்டுத் தடவு. குழி தட்டுப்பட்டால் ரப்பர் மாற்றிப் பிரயோசனமில்லை, சிலிண்டரையே மாற்று. ரப்பரைப் பெட்ரோலிலோ மண்ணெண்ணெயிலோ டீசலிலோ கழுவவே கூடாது, ஊறிப் பெருத்துவிடும். பிரேக் ஆயிலிலேயே கழுவு. நம் பக்கத்துப் பட்டறைகளில் இந்தத் தப்பு இன்றைக்கும் நடக்கிறது, எனக்கு அது ஆறாத வருத்தம்.

இப்போது வாங்குகிற பேச்சு. சென்னையில் ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டிலும் புதுப்பேட்டையிலும் கேள். பழைய கடைகளில் அட்டைப்பெட்டி பிரிக்காத சரக்கு கிடைத்தால் இரும்பு பாகத்தைத் தைரியமாக வாங்கு. அதே பெட்டியில் இருக்கிற ரப்பரை மட்டும் வாங்காதே. இத்தனை வருஷம் சும்மா கிடந்த ரப்பர் பார்க்கப் புதுசாக இருக்கும், வளைத்தால் வெடிக்கும். இங்கிலாந்தில் டிரையம்ஃப் வண்டிகளுக்கு இன்றும் பாகம் செய்து விற்கிறார்கள். வரவழைக்கலாம், ஆனால் உன் சிலிண்டரின் துளை விட்டத்தை அளந்த பிறகு. ஷூவைப் பொறுத்தவரை என் யோசனை வேறு. உன் பழைய ஷூவின் இரும்புத் தகடு வளையாமல் இருந்தால் அதையே வைத்துக்கொண்டு புது லைனிங் அடித்து வாங்கு. வண்டியோடு பிறந்த தகட்டுக்கு நிகர் எங்கிருந்தோ வந்த தகடு ஆகாது. ரிவெட் தலை லைனிங்கின் மட்டத்துக்குக் கீழே நன்றாக அமுங்கியிருக்கிறதா என்று நகத்தால் தடவிப் பார்த்து வாங்கு. மேலே துருத்தினால் டிரம்மை உழுதுவிடும்.

எண்ணெய் குடித்த லைனிங்கைப் பெட்ரோல் ஊற்றிக் கொளுத்தினால் சரியாகும் என்று யாராவது சொன்னால் கேட்காதே. மேலே காய்ந்த மாதிரி இருக்கும், சூடேறியதும் உள்ளேயிருந்து மறுபடி கசியும். கசிவு எங்கிருந்து என்று தேடு. ஹப்பில் கிரீஸ் அளவுக்கு மீறி அடித்தாலும் சீலைத் தாண்டி லைனிங்குக்கு வரும். மாற்றும்போது இரண்டு பின்சக்கரத்துக்கும் சேர்த்தே மாற்று. ஒன்றில் புதுசும் ஒன்றில் பழசும் இருந்தால் வண்டி ஒரு பக்கமாக இழுக்கும்.

டிரம்மில் வரிவரியாகக் கோடு விழுந்திருந்தால் லேத்தில் கொடுத்துக் கடையலாம், இரண்டையும் ஒரே அளவுக்கு. ஆனால் கடைந்தால் டிரம்மின் வளைவு பெரிதாகும், லைனிங்கின் வளைவு பழைய அளவிலேயே நிற்கும். நடுவில் மட்டும் தொடும், இரு நுனியும் தொடாது. டிரம்முக்குள் சாக்பீஸ் தடவி, ஷூவை வைத்து அழுத்திச் சுற்றிப் பார். சாக்பீஸ் ஒட்டிய மேடுகளை உப்புத்தாளில் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்து, லைனிங்கின் பெரும்பகுதி தொடும் வரை திரும்பத் திரும்பப் பார். அலுப்பான வேலைதான். முழு பிரேக்கும் இங்கேதான் பிறக்கிறது. இதற்கு ஒரு சாயங்காலம் முழுசாகப் போனாலும் போகட்டும்.

மாட்டிய பிறகு பின்தட்டில் இருக்கிற சதுரத்தலை அட்ஜஸ்டரை, சரியான ஸ்பேனரால் மட்டும், டிரம் சுற்றாமல் நிற்கும் வரை திருகு. பிறகு டிரம் தாராளமாகச் சுற்றுகிற வரை ஒரு கிளிக், இரண்டு கிளிக் பின்வாங்கு. பெடலை இரண்டு மூன்று தடவை அழுத்தி ஷூவை நடுவில் உட்காரவைத்து, மறுபடியும் பார்.

பிரேக் லைனில் ஏர் எடுப்பதை மாஸ்டர் சிலிண்டருக்குத் தூரமான இடது பின்சக்கரத்தில் ஆரம்பி. சீல் உடைக்காத புது ஆயில் வாங்கு. பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். டாட் 3 ஆயில் புதுசில் 205 டிகிரிக்குக் குறைந்து கொதிக்கக் கூடாது என்பது கணக்கு, ஈரம் குடித்தால் அது 140 டிகிரிக்கு இறங்கும். பெயின்ட்டில் சிந்தினால் உரித்துவிடும், உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவு. இந்த வண்டியில் நாலு சக்கரத்துக்கும் ஒரே லைன்தான், எங்கே ஒழுகினாலும் மொத்தமும் போகும். அதனால் பழைய ரப்பர் ஹோஸ்களில் வெடிப்பு தெரிந்தால் யோசிக்காமல் மாற்று. கை பிரேக் இந்த ஆயில் லைனை நம்பியில்லை, அதனால் அதைச் சரிபார்க்காமல் வண்டியை எடுக்காதே.

முன்சக்கரத்துக்கு டிஸ்க் போடலாமா என்றும் கேட்டிருந்தாய். போடலாம், ஆனால் அப்போது மாஸ்டர் சிலிண்டரையும் யோசிக்க வேண்டிவரும், அது தனி வேலை. முதலில் டிரம் பிரேக்கை அது பிடிக்க வேண்டிய மாதிரி பிடிக்கவை.

புது லைனிங் பழக நாளாகும். சில நூறு கிலோமீட்டர் வரைக்கும் திடீர் பிரேக் அடிக்காதபடி நிதானமாக ஓட்டு, அதற்குப் பிறகு அட்ஜஸ்டரை மறுபடி பார். மழை பிடித்தால் அவளூர் தரைப்பாலத்தில் தண்ணீர் ஓடும்போது வண்டியை இறக்காதே. தேங்கிய தண்ணீரில் எங்காவது போக நேர்ந்தால், கரையேறியதும் பெடலை லேசாக அழுத்திக்கொண்டே கொஞ்ச தூரம் மெதுவாகப் போ, லைனிங் காய்ந்தால்தான் பிடிக்கும். அய்யம்பேட்டை, முத்தியால்பேட்டை வழியாகக் காஞ்சிபுரம் போகிற ரோட்டில் லாரிக்குப் பின்னால் ஒட்டிப் போகாதே. லாரி நிற்கிற வேகத்தில் உன் வண்டி நிற்கும் என்று கணக்குப் போடாதே.

ஞாயிற்றுக்கிழமை வா. பின் டிரம் இரண்டு, ஷூ நாலு, எல்லாவற்றிலும் வலது இடது என்று பெயின்ட்டால் எழுதிக்கொண்டு வா. வீல் சிலிண்டரையும் கழற்றியிருந்தால் எடுத்து வா. லேத்துக்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவைக்கிறேன். அக்காவையும் அழைத்து வா, அத்தை பார்க்க வேண்டும் என்கிறாள்.

அன்புடன்,
மாமா